துடைக்காத சந்தனம்

கிள்ளான் பட்டறையில் இருந்த பழைய வெல்டிங் மெஷினைப் போன மாதம் பழைய இரும்புக்காரனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்களாம். அந்த ஊர் வாசகசாலைச் செயலாளர் பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டைத் தேடி வந்து சொன்னார். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்குவேன் என்று எதிர்பார்த்திருப்பார் போலிருக்கிறது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இரும்புச் சக்கரம் வைத்த அந்தப் பூதத்தைப் பதினான்கு வருஷம் இங்கும் அங்கும் தள்ளியவன் நான். புதிது சின்னதாக வந்திருக்கிறது என்றால் தள்ளுகிறவன் முதுகுக்கு நல்லதுதானே.

"ஆண்டு மலர் போடுறோம் அண்ணே. அந்த மெஷின எப்படி வச்சு, எப்படி ஓட்டுனீங்கன்னு ஒரு கட்டுரை எழுதிக் குடுங்க. இப்ப வேலைக்கு வந்திருக்கிறவங்க அவசர அவசரமா ஓட்டுறாங்க, பயமா இருக்கு" என்றார்.

சரி என்றேன். மெஷினைப் பற்றி எழுதினால் மாணிக்கத்தைப் பற்றியும் எழுத வேண்டிவரும் என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஒப்புக்கொண்டேன்.

நான் இரும்பு வேலைக்கு வந்தது பதினாறு வயதில். முதலில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வண்டிப் பட்டறை, பிறகு செந்தூலில் ரிவெட் அடிக்கிற வேலை, பிறகு கிள்ளானில் ஆற்றோரம் இருந்த இந்தப் பட்டறை. துருத்தி ஊதியது, சம்மட்டி அடித்தது, கையைச் சுட்டுக்கொண்டது எல்லாவற்றையும் எழுதினால் மலரில் வேறு யாருக்கும் இடம் இருக்காது. ஐரோப்பாவில் சண்டை முடிந்து சில ஆண்டுகள் கழித்து, சீமையிலிருந்து ஒரு பெரிய மரப்பெட்டியில் மெஷின் வந்தது. ஆணியும் சம்மட்டியும் இல்லாமல் இரும்போடு இரும்பை ஒட்டுமாம் என்று கேட்டுச் சிரித்தோம். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் அந்த வெளிச்சத்தை வேடிக்கை பார்த்த அன்றைக்கு, கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல் எரிந்து, உருளைக்கிழங்கை வெட்டி இமைமேல் வைத்துக்கொண்டு கிடந்தேன். அதற்குப் பிறகு சிரிப்பு நின்றது.

ஒரே தண்டில் ஒரு பக்கம் மோட்டார், மறு பக்கம் டைனமோ. மேலே ஒரு பலகையில் இரண்டு மீட்டர், ஒரு கத்தி சுவிட்சு, கரண்டைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு கைச்சக்கரம். கூடவே கைவிரல் தடிமனில் இரண்டு கேபிள். இங்கிலீஷில் ஒரு சிறு புத்தகமும் வந்திருந்தது. அதைப் படிக்கத் தெரிந்தவர் எங்கள் போர்மேன் கனகசபை ஐயா ஒருவர்தான்.

யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கோட்டு, நெற்றியில் மெல்லிய திருநீறு. அந்த இரைச்சலுக்குள்ளும் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. மண்டோர்கள் என்கிற மேஸ்திரிகள் வாய்க்கு வந்தபடி 'டேய்' போடுகிற இடத்தில் அவர் எங்களை 'நீர்' என்றுதான் கூப்பிடுவார். புத்தகத்தை ஒரு வாரம் படித்துவிட்டு, அதை எங்கள் பட்டறைக்கு ஏற்றபடி ஒரு முறையாக வகுத்தார். அந்த முறையைத்தான் செயலாளர் கேட்கிறார். எழுதிவிடுகிறேன்.

முதலில் தரை. ஈரமாக இருந்தால் மெஷினைத் தொடக்கூடாது. கிள்ளானில் மழை சொல்லிக்கொண்டு வராது, கூரையும் ஒழுகும். அப்போது உலர்ந்த பலகை நாலைந்தைப் பரப்பி அதன்மேல்தான் நிற்க வேண்டும். வியர்வையில் நனைந்த சட்டையை மாற்ற வேண்டும். கையுறை ஈரமாக இருந்தால் வேறு கையுறை. வேறு இல்லையென்றால் அன்றைக்கு வெல்டிங் இல்லை.

அடுத்தது கேபிள். சுவிட்சை அணைத்து வைத்துக்கொண்டு, இரண்டு கேபிளையும் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை கையால் உருவிக்கொண்டே போக வேண்டும். ரப்பர் எங்கே வெடித்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாதது கைக்குத் தெரியும். ஒரு கேபிளின் நுனியில், உருகி ஒட்டுகிற ராடு என்ற கம்பியைக் கவ்வுகிற ஹோல்டர். அதைச் சாமான்மேல் போட்டு வைக்கக்கூடாது, மர முளையில்தான் மாட்ட வேண்டும். இன்னொரு கேபிள் எர்த், கரண்டு மெஷினுக்குத் திரும்பி வருகிற வழி. வேலைக்குப் புதிதாக வருகிறவன் ஹோல்டரைத்தான் பெரிதாக நினைப்பான், பொறி பறப்பது அங்கேதானே. கனகசபை ஐயாவுக்கோ எர்த்துதான் மெஷின்.

எங்கள் பட்டறைத் தரையில் ஒரு பெரிய இரும்புத் தகடு பதித்திருந்தது. எர்த் கேபிளை அந்தத் தகட்டோடு போல்ட் போட்டு நிரந்தரமாக முடுக்கியிருந்தார்கள். தகட்டிலிருந்து ஒரு குட்டைக் கேபிள் போகும். அதன் நுனியில் ஒரு பித்தளைக் கவ்வி. வெல்டிங் செய்கிற சாமானில் அந்தக் கவ்வியை மாட்ட வேண்டும். மாட்டும் முன் கவ்வியின் வாயையும், சாமானில் அது கடிக்கிற இடத்தையும் கம்பி பிரஷால் பளிச்சென்று உலோகம் தெரிகிற வரை தேய்க்க வேண்டும். துரு, பெயின்ட், எண்ணெய் எதுவும் நடுவில் இருக்கக்கூடாது.

"கரண்டு வாய்க்கால் தண்ணி மாதிரி, கோவிந்தன்" என்பார் ஐயா. "வாய்க்காலை அடைச்சா நிண்டு போகாது. வேற வழியால போகும். எந்த வழியால போகுமெண்டு உமக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

தினம் காலையில் மெஷின் பக்கத்தில் வந்து நின்று ஒரே கேள்வி கேட்பார். "தொட்டுப் பாத்தனீரோ?" ஆமாம் என்பேன். ஆமாம் என்றதோடு விட்டுவிட மாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, குனிந்து, ஆள்காட்டி விரலைக் கவ்வியின் வாய்க்குள் ஓட்டி, விரலைப் பார்ப்பார். சுத்தமாக இருந்தால் "ம், ஓட்டும்" என்று சொல்லிவிட்டுப் போவார். அதன் பிறகு மோட்டாரைப் போட்டு, மீட்டர் முள் நிலைக்கு வரும் வரை காத்திருந்து, ராடின் தடிமனுக்கு ஏற்ப அம்பியர் வைத்து, சுற்றிலும் கித்தான் திரை கட்டி, கண்ணாடி பதித்த பலகையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, ராடு சாமானைத் தொடும் முன் உரக்கக் கூவ வேண்டும். தமிழருக்குக் "கண்ணு!", மற்றவர்களுக்கு "மாத்தா!" மாத்தா என்றால் மலாயில் கண். கூவியதும் பக்கத்தில் இருக்கிற எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

முறை இவ்வளவுதான். இதில் ஒன்றை ஒரே ஒரு நாள் விட்டேன்.

மாணிக்கம் எங்கள் பட்டறையில் சாமான் தூக்குகிற ஆள். கிரேனை ஓட்டுகிறவன் வேறு. எந்தக் கயிற்றை எப்படிச் சுற்றி, எங்கே கொக்கி போட்டால் சாமான் சாயாமல் எழும்பும் என்று பார்த்துக் கட்டுவது மாணிக்கத்தின் வேலை. என்னைவிட ஐந்து வயது இளையவர். பக்கத்துப் பக்கத்து வீடு, என்னை அண்ணே என்பார். கம்பிக் கயிற்றை அவர் சோதிக்கிற விதத்தைப் பார்க்க வேண்டும். ஒரு பிடி கழிவுப் பஞ்சை எடுத்துக் கயிற்றைச் சுற்றிப் பிடித்து, முழு நீளமும் மெதுவாக உருவுவார். ஒரு இழை அறுந்து நீட்டிக்கொண்டிருந்தாலும் அது பஞ்சைப் பிடித்து இழுக்கும். பஞ்சு எங்கேயாவது மாட்டினால் அந்தக் கயிறு குப்பைக்கு. "என் கையில இருந்து இதுவரைக்கும் ஒரு போல்ட்டு கூட கீழ விழுந்ததில்ல அண்ணே" என்று ஆயிரம் தடவையாவது சொல்லியிருப்பார். தற்பெருமைதான், ஆனால் உண்மை.

பட்டறையில் ஆயுத பூஜை வேண்டும் என்று எங்கள் வெள்ளைக்காரத் துரையிடம் கேட்டது நாங்கள் இருவரும். முதலில் முடியாது என்றார். எண்ணெய் இருக்கிற இடத்தில் சூடம் கொளுத்துவீர்கள், எல்லாம் எரிந்து போகும் என்று பயம். கனகசபை ஐயா எங்களுக்காகப் பேசினார். சூடம் வாசலில்தான், உள்ளே தண்ணீர் தெளிக்கக்கூடாது, அரை நாளுக்கு மேல் வேலை நிற்கக்கூடாது என்று மூன்று நிபந்தனை. மூன்றையும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு சம்மதித்தோம். முதல் இரண்டு வருஷம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது.

மூன்றாம் வருஷப் பூஜைக்கு என் வீட்டில் சந்தனம் நிறைய அரைத்துக் கொடுத்திருந்தார்கள். கடைசல் மெஷினுக்கு, டிரில்லுக்கு, கிரேன் கொக்கிக்கு எல்லாம் பொட்டு வைத்தோம். வெல்டிங் மெஷின் என்னுடையது என்று ஒரு எண்ணம் எனக்கு. மற்றவற்றுக்குப் பொட்டு என்றால் என் மெஷினுக்குப் பூச்சு. மீட்டர் பலகை, கைச்சக்கரம், ஹோல்டர். கடைசியாகக் கிண்ணத்தில் மீந்திருந்ததைக் கவ்வியின் வாயில் இரண்டு பக்கமும் வழித்துப் பூசி, நடுவில் குங்குமம் வைத்தேன். "அண்ணனோட மெஷினுக்குத்தான் இன்னிக்குக் கல்யாணம்லா" என்று மாணிக்கம் கேலி செய்தார்.

அன்று மாலை ஐயா என்னைக் கூப்பிட்டார். "நாளைக்கு விஜயதசமி, என்ர மகளுக்கு ஏடு தொடக்கி எழுத்துப் பழக்கிறம். நான் பத்து மணிக்குப் பிறகுதான் வருவன். டிரெட்ஜ் வாளி அவசரம். கவனமா ஓட்டும்."

ஈயம் தோண்டுகிற டிரெட்ஜின் வாளி அது. முக்கால் டன் எடை. உதட்டில் ஒரு முழ நீளத்துக்கு விரிசல். விஜயதசமி காலையில் நல்ல நேரத்துக்குள் மெஷினை ஓட்டி முதல் வேலையைத் தொடங்கிவிட வேண்டும் என்று எல்லாரும் பரபரத்தோம். விரிசல் மேலே வரும்படி மாணிக்கம் வாளியைச் சாய்த்து, அடியில் உலர்ந்த மரக்கட்டைகளை அடுக்கி, மேலே கம்பிக் கயிற்றால் கிரேன் கொக்கியில் பிடித்து நிறுத்தினார். அதற்கு முன் பஞ்சை உருவினார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பஞ்சு எங்கேயும் மாட்டவில்லை.

நான் தரையைப் பார்த்தேன். கேபிளை உருவினேன். வாளியில் கவ்வி கடிக்கிற இடத்தைத் தேய்த்தேன். பிறகு கவ்வியை எடுத்தேன். சந்தனம் மஞ்சளாகக் காய்ந்து ஒட்டியிருந்தது, நடுவில் குங்குமம். பிரஷைக் கொண்டுபோன கை நின்றுவிட்டது. முதல் நாள் சாமிக்கென்று பூசியதை மறுநாள் காலையில், அதுவும் முதல் வேலையாக, கம்பி பிரஷால் பிறாண்டுவதா? பூசிய சந்தனத்தை யாரும் துடைப்பதில்லை, அதுவாக உதிர வேண்டும். நாலு பேர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு பொட்டுச் சந்தனம் என்ன செய்துவிடும் என்று அப்படியே மாட்டிவிட்டேன். "தொட்டுப் பாத்தனீரோ?" என்று கேட்க அன்று ஆள் இல்லை.

"கண்ணு! மாத்தா!"

ராடு பிடிக்கவில்லை. ஒட்டிக்கொண்டது, பிய்த்தேன், பொறி வந்து அணைந்தது. வெல்டிங் தெரிந்தவன் அங்கேயே நிறுத்தி எர்த்தைப் பார்ப்பான். எனக்கும் தெரியும். மழைக்காலம், ராடு நமுத்திருக்கும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டு, கைச்சக்கரத்தைத் திருப்பிக் கரண்டைக் கூட்டினேன். மறுபடியும் கூட்டினேன். திடீரென்று நன்றாகப் பிடித்துக்கொண்டது. சாமி கைவிடவில்லை என்று நினைத்தேன். இதை எழுதும்போது இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

வாய்க்கால் அடைத்திருந்ததால் கரண்டு வேறு வழி பார்த்துக்கொண்டது. வாளியிலிருந்து கம்பிக் கயிறு, கயிற்றிலிருந்து கொக்கி, கொக்கியிலிருந்து கிரேன், கிரேன் நிற்கிற இரும்புத் தூண், தூணின் காலில் தொட்டுக்கொண்டிருந்த தரைத் தகடு. கொக்கியில் கயிறு மடிகிற இடத்தில் இழை இழையாகச் சுட்டுத் தின்றிருக்கிறது. யாராவது அண்ணாந்து பார்த்திருந்தால் புகையாவது தெரிந்திருக்கும். கண்ணு என்று நான் கூவியதால் எல்லாரும் ஒழுங்காக முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். மாணிக்கமும் அப்படித்தான், முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு, நழுவிய ஒரு மரக்கட்டையைக் காலால் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்.

கயிறு அறுந்த சத்தம் பெரிதாக இல்லை. வாளி புரண்ட சத்தம்தான் பெரிது. பலகையை முகத்திலிருந்து எடுத்துப் பார்த்தபோது மாணிக்கத்தின் இடது கால் முழங்காலுக்குக் கீழே வாளிக்கு அடியில் இருந்தது. அவர் கத்தவில்லை. "கயிறா? கயிறா அண்ணே?" என்று என்னையே கேட்டார்.

கடப்பாரை போட்டு நெம்பி எடுத்து, லோரியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். நான் போகவில்லை. மெஷினை அணைக்க வேண்டும் என்றேன். எல்லாரும் வாசலுக்கு ஓடிய அந்த நேரத்தில் கவ்வியைக் கழற்றினேன். சந்தனம் சந்தனமாகவே இருந்தது, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் கருகியிருந்தது. அறுந்த கயிற்றின் நுனியைப் பார்த்தேன். பழைய கயிறு அறுந்தால் துருவும் நாருமாக இருக்கும். இதில் நீலம் பாய்ந்து, ஒவ்வொரு இழையின் நுனியிலும் கடுகளவு உருகிய குண்டு. பார்த்த மாத்திரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. கம்பி பிரஷை எடுத்தேன். காலையில் தேய்க்காத கவ்வியை அப்போது தேய்த்தேன், பளிச்சென்று உலோகம் தெரிகிற வரை.

ஐயா பத்தரை மணிக்கு வந்தார். சங்கதியைக் கேட்டுவிட்டுக் கயிற்றின் நுனியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"கோவிந்தன், காலமை எர்த் துடைச்சனீரோ?"

"தொடச்சேன் ஐயா. பாருங்க."

மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். விரலைக் கவ்விக்குள் ஓட்டினார். விரலைப் பார்த்தார். அதை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாரா, முகத்தைத் துடைத்துக்கொண்டாரா என்று என்னால் சொல்ல முடியாது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

துரையின் விசாரணை கால் மணி நேரம் நடந்தது. என்னையும் கூப்பிட்டார். கயிறு பழையதா என்று மலாயில் கேட்டார். "தா தாவு, துவான்" என்றேன். தெரியாது துரை. அது பச்சைப் பொய். பஞ்சு மாட்டாமல் போனதை என் கண்ணால் பார்த்திருந்தேன். கயிற்றைச் சரியாகச் சோதிக்காதது மாணிக்கத்தின் தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். கயிற்றைக் குப்பையில் எறிந்தார்கள்.

ஏன் வாயைத் திறக்கவில்லை? பூஜையை நிறுத்திவிடுவார்கள், இத்தனை பேர் சந்தோஷம் கெட்டுவிடும் என்று அப்போது எனக்கு நானே ஒரு நியாயம் வைத்திருந்தேன். அது கேட்க நன்றாக இருக்கிறது. உண்மை என்னவென்றால் பயம். வேலை போய்விடும், என் மெஷினை இன்னொருவன் ஓட்டுவான் என்கிற பயம். ஒரு மனிதனின் காலைவிட அது எனக்குப் பெரிதாக இருந்திருக்கிறது.

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டிருந்தார்கள். "பஞ்ச ஓட்டித்தான் பாத்தேன் அண்ணே. எங்கியோ ஒரு இழ என் கண்ணுக்குத் தப்பிருச்சு" என்றார். நான் சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. "விடுப்பா, போதாத காலம்" என்றேன். வீடு பட்டறையுடையது என்பதால் அதைக் காலி செய்யச் சொன்னார்கள். மனைவி செல்லம்மாவின் தமையன் கேரி தீவில் ஒரு எஸ்டேட்டில் இருந்தார். அங்கே போய்விட்டார்கள்.

ஐயா அதன் பிறகு என்னிடம் "தொட்டுப் பாத்தனீரோ?" என்று கேட்டதே இல்லை. தினம் வருவார். என்னைப் பார்க்காமலே குனிந்து, தானே கவ்வியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார். ஓய்வு பெற்று ஊருக்குக் கப்பலேறும் வரை அப்படித்தான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நான் அழுது எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன் என்று சில சமயம் தோன்றும். அதுவும் சாக்குத்தான். கேட்டால்தான் சொல்வேன் என்று இருந்தவன் நான்.

செயலாளர் கட்டுரை கேட்டுவிட்டுப் போன பிறகு ஒன்று புரிந்தது. இதை எழுதாமல் மெஷினைப் பற்றி எழுதுவது இன்னொரு பொய். எழுதுவதென்றால், ஊருக்குத் தெரியும் முன் மாணிக்கத்துக்குத் தெரிய வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை கிள்ளான் போய், பஸ் மாறி, படகில் ஏறிக் கேரி தீவுக்குப் போனேன். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை.

லயம் என்கிற எஸ்டேட் வரிசை வீடுகளில் கடைசி வீடு. மாணிக்கம் கட்டைக்காலோடு குனிந்து ஒரு ஆட்டைக் கொய்யா மரத்தில் கட்டிக்கொண்டிருந்தார். கட்டி முடித்துவிட்டு உள்ளே பார்த்து, "செல்லம், முடிச்சு சரியா இருக்கா, வந்து பாரு" என்றார். செல்லம்மா வந்து, முடிச்சை இழுத்துப் பார்த்து, "சரியா இருக்குங்க" என்று மெதுவாகச் சொன்னாள். முக்கால் டன் வாளியைக் கண்ணை மூடிக்கொண்டு கட்டியவர், ஆட்டுக்குப் போட்ட முடிச்சுக்குச் சாட்சி கேட்கிறார். நான் வேலியோரம் நின்றுகொண்டு, திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தேன்.

அதற்குள் பார்த்துவிட்டார். "யாரு, கோயிந்தண்ணனா! வாங்கண்ணே, வாங்க. வயசாயிருச்சே ஒங்களுக்கு!" முக்காலியை இழுத்துப் போட்டார். செல்லம்மா கோப்பி கலந்து கொண்டுவந்தாள். பட்டறையைப் பற்றி, யார் யார் இருக்கிறார்கள் என்று ஆசையாகக் கேட்டார். கோப்பி ஆறுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். சந்தனத்திலிருந்து ஆரம்பித்து ஒன்றுவிடாமல் சொன்னேன். பிரஷால் தேய்த்ததையும் சொன்னேன். தா தாவு என்றதையும் சொன்னேன்.

மாணிக்கம் கட்டைக்காலை நேராக நீட்டி வைத்தார்.

"அப்ப கயிறு?" என்றார்.

"நல்ல கயிறு, மாணிக்கம். ஒரு கொறையும் இல்ல. கரண்டுதான் அறுத்துச்சு."

"எப்பலேர்ந்து தெரியும் ஒனக்கு?"

இருபத்தைந்து வருஷப் பழக்கத்தில் அவர் என்னை 'நீ' என்று பேசியது அதுதான் முதல் தடவை. "அன்னிக்கேதான்" என்றேன். மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கையை உயர்த்தி, வேண்டாம் என்பதுபோல் நிறுத்தினார்.

செல்லம்மா கதவுநிலையைப் பிடித்தபடி நின்றிருந்தவள் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

"அன்னிக்குக் காலைல நான் இவரோட சண்ட போட்டேண்ணே" என்றாள். "பூசைக்கு ஒடச்ச தேங்கா மூடிய எல்லாம் ஊருக்குக் குடுத்துட்டு வெறுங்கையோட வந்தாருன்னு, வாய்க்கு வந்தபடி பேசி அனுப்புனேன். கோவத்துல போன மனுசன் கயித்த எங்க ஒழுங்கா பாத்திருப்பாரு, என் வாய்தான் கால வாங்கிருச்சுன்னு… மாரியாத்தா மேல சத்தியம் பண்ணுனேன். அன்னையிலேர்ந்து இவர ஒரு சொல்லு எதுத்துச் சொன்னதில்ல."

மாணிக்கம் அவளைத் திரும்பிப் பார்த்தார். என்னை மறந்தேவிட்டார்.

"அதுக்கா?" என்றார். "அதுக்கா பேசாம இருந்த? காலு போனவன்கிட்ட என்னத்த சண்ட போடுறதுன்னு எரக்கப்பட்டு விட்டுட்டன்னு நெனச்சேன்டி. இத்தன வருஷமா."

கிள்ளானில் நாங்கள் அடுத்த வீட்டுக்காரர்கள். அந்த நாளில் இவர்கள் இருவரும் சண்டை போட்டால் லயத்தில் கடைசி வீடு வரை கேட்கும், போட்ட வேகத்தில் சிரிப்பும் கேட்கும். அதை நான் பறித்துவிட்டேன் என்பது அந்த முக்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு கால் என்றுதான் இதுவரை கணக்கு வைத்திருந்தேன்.

"எத்தன மூடிக்கு அந்தச் சண்ட?" என்று மாணிக்கம் கேட்டார்.

"ஆறு மூடி" என்றாள் செல்லம்மா, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே.

"ஆறு எங்க இருந்துச்சு? நாலு."

"ஆறு! நான் எண்ணி வச்சேன்."

"நாலுன்னா நாலுதான். ஒனக்கு எப்பத்தான் எண்ணத் தெரிஞ்சுச்சு?"

"எனக்கா எண்ணத் தெரியாது? குடுத்துட்டு வந்த மனுசன் பேசுறாரு பாரு!"

அவள் குரல் உயர்ந்தது. அவர் குரலும் உயர்ந்தது. இருவரும் அழுதுகொண்டே கத்தினார்கள். பக்கத்து வீட்டில் யாரோ கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். நான் கோப்பிக் கோப்பையை முக்காலி ஓரத்தில் வைத்துவிட்டு எழுந்தேன். போகிறேன் என்று சொன்னது அவர்கள் காதில் விழுந்ததா தெரியவில்லை. வா என்றோ போ என்றோ யாரும் சொல்லவில்லை.